சாமான் அறை

மேசை முழுக்க விரிந்து கிடக்கும் வரைபடத்தின் மேல் கட்டட முதலாளியின் கார் சாவி பொத்தென்று விழுகிறது. நகராட்சிக் கட்டணப் பிரிவுக்காரி அதை விரல் நுனியால் ஓரமாகத் தள்ளிவிட்டு, சிவப்புப் பென்சிலால் இன்னொரு வட்டம் போடுகிறாள். ஊர்க் கழிவுநீர்க் குழாயை விரிவாக்கப் புதுக் கட்டடங்களிடம் வாங்கும் கட்டணம், ஒரு கழிப்பறைக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. அதனால் அவர் கட்டப்போகும் நாற்பது வீட்டிலும் இரண்டாவது கழிப்பறை ‘சாமான் அறை’ என்று பெயர் மாறியிருக்கிறது. பெயரை மாற்றிய வரைவாளர், கழிப்பறைக் கோப்பையைக் குறிக்கும் முட்டை வடிவத்தை அழிக்க மறந்துவிட்டார். அவள் வட்டம் போட்டு எண்ணுவது அந்த முட்டைகளைத்தான். “சாமான் அறைன்னு எழுதியிருக்குல்ல? படிக்கத் தெரியாதா?” என்கிறார் முதலாளி. “தெரியும். இந்த முட்டை என்ன சாமான்னு சொல்லுங்க.” மின்விசிறிக் காற்றில் தாளின் முனை படபடக்கிறது. அவர் கழுத்து நரம்பும்தான். “ஊர்க் குழாய்க்கு நான் ஏம்மா தண்டம் அழணும்?” “கீழ்த்தெருவுல இப்பவே கழிப்பறையெல்லாம் எதுத்துக்கிட்டு வருது. உங்க நாப்பது வீட்டுத் தண்ணியும் அதே குழாய்லதான் இறங்கப்போகுது.” அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவருக்குப் பற்றிக்கொண்டு வருகிறது என்று அவளுக்குத் தெரியும். பதினேழாவது வட்டம் பாதியில் இருக்கும்போது பென்சிலைப் பிடுங்கி, இரண்டாக ஒடித்து, வரைபடத்தின் மேலேயே எறிகிறார். அடுத்த மேசைகளில் தட்டச்சுச் சத்தம் நின்றுபோகிறது. அவள் அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் இழுப்பறையைத் திறக்கிறாள். உள்ளே ஒரு டஜன் சிவப்புப் பென்சில்கள், எல்லாம் கூராகச் சீவி வைத்தவை. ஒன்றை எடுத்துக்கொள்கிறாள். “எண்ணிக்கை விட்டுப்போச்சு. முதல்லேருந்து எண்ணுறேன், உக்காருங்க.”