பெரிய எழுத்தில் வந்த இதழ்

ஒரு கீரியும் ஓர் ஆமையும் மாதாமாதம் கதை விளையாட்டு விளையாடும். கீரி கதை சொல்லும். ஆமை அந்தக் கதைக்குள் வீரனாகப் புகுந்து, தாயக்கட்டையை உருட்டி, விழுகிற எண்ணுக்கு ஏற்றபடி பூதங்களோடு சண்டை போடும். கதைகள் எல்லாம் தூக்கணாங்குருவி நடத்திய ‘ஏழாம் வாசல்’ பத்திரிகையில் வருபவை.

அந்த மாதம் பத்திரிகை புது வடிவத்தில் வந்தது. அட்டை மாறியிருந்தது. எழுத்துகள் பெரிதாகியிருந்தன. கீரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இது என் பத்திரிகையே இல்லை. ஒன்பது வருஷமா படிக்கிறேன், என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா?” என்று கத்திவிட்டு, குருவிக்குக் காரமாகக் கடிதம் எழுத உட்கார்ந்தது.

ஆமை தயங்கித் தயங்கி அருகில் வந்தது.

“கீரியண்ணே, பழைய எழுத்து என் கண்ணுக்கு எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். இதை நானே முழுசாப் படிச்சிட்டேன்.”

கீரியின் பேனா நின்றது. “நீ சொல்லவே இல்லையே?”

“நீங்க சொல்லிக் கேக்குறது நல்லா இருந்துச்சு. இந்தத் தடவை நான் கதை சொல்றேன், நீங்க விளையாடுங்க. யாரா வரப்போறீங்க?”

இத்தனை வருஷத்தில் கீரியிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. அது பாதி எழுதிய கடிதத்தை ஓரமாக வைத்தது. பிறகு மெல்லக் கேட்டது:

“சிரிக்க மாட்டியே? எனக்குப் பறக்கணும்.”

ஆமை சிரிக்கவில்லை.

“சரி. நீங்க ஒரு மலை உச்சியில நிக்கிறீங்க. காத்து நல்லா வீசுது,” என்று கதையைத் தொடங்கியது.