டியூபின் மூச்சு

ஏரியின் நடுவில் ஒரு லாரி டியூப் மூன்று நாளாக நகராமல் மிதந்துகொண்டிருந்தது. கரையோரம் ஒரு பொடிமீன்கூடக் கிடைக்காத கொக்கு, நப்பாசையில் பறந்துபோய் அதன்மேல் உட்கார்ந்தது. டியூபில் உட்கார்ந்து மீன் பிடிப்பது அதற்கு இதுதான் முதல் தடவை.

"பார்த்து உட்காரு, நகம் குத்திடப்போகுது," என்றது டியூப். "இது மாசிலாமணி அண்ணன் இடம். அவரும் முதல் தடவையாத்தான் வந்தார். வலை அடியில சிக்கிக்கிச்சுன்னு எடுக்க இறங்கினார். என்மேல கட்டின வலைக்கயிறு இன்னும் விறைப்பாத்தான் இருக்கு. அவர்தான் பிடிச்சிருக்கணும்."

கொக்கு குனிந்து பார்த்தது. அந்தக் கயிற்றைச் சுற்றிக் கெண்டைகள் மொய்த்துக்கொண்டிருந்தன. இத்தனை மீனை ஒரே இடத்தில் அது கண்டதே இல்லை. ஒன்றைக் கொத்தி விழுங்கியது. மீன் விலகிய இடத்தில், கீழே, வலைக்குள் ஒரு கை தெரிந்தது. வெளுத்த விரல்கள் விரிந்திருந்தன. அதற்குள் வேறு மீன்கள் வந்து மறைத்துக்கொண்டன.

"அண்ணன் தெரியறாரா?" என்று கேட்டது டியூப். "அவர் இனி வரமாட்டார்னா சொல்லிடு. காத்தை விட்டுட்டு நானும் கீழே போயிடுறேன். அவருக்காகத்தான் மூச்சைப் பிடிச்சிக்கிட்டு கிடக்கேன்."

கொக்கு கால்களைச் சற்று அகட்டி வைத்துக்கொண்டது.

"தெரியறாரே. கையைக் காட்டி உன்னை இருக்கச் சொல்றார்."

"எத்தனை நாளைக்காம்?"

இன்னொரு மீனை விழுங்கிவிட்டுக் கொக்கு மறுபடியும் குனிந்து பார்த்தது.

"அஞ்சு விரலையும் விரிச்சுக் காட்டறார்."

டியூப் மூச்சை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.