மூன்று மணிக்குள் ஒரு சைக்கிள்

"அத்தான், பிரேக் கட்டை லேசா உரசுது. கொஞ்சம் பாக்குறீங்களா?"

காலை ஏழு மணிக்கு என் தங்கை கேட்டது இவ்வளவுதான். இப்போது மணி ஒன்று. கூடத்தில் கால் வைக்க இடமில்லை.

கேட்டதில் தப்பில்லை. யாரிடம் கேட்டாள் என்பதில்தான் தப்பு.

என் வீட்டுக்காரர் கைக்கடிகாரம் பழுதுபார்க்கிறவர். எதைத் தொட்டாலும் முழுக்கக் கழற்றி, துடைத்து, எண்ணெய் விட்டு, திரும்ப மாட்டினால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

பிரேக் கட்டை ஏன் உரசுகிறது? ரிம் கோணியிருக்கிறது. ரிம் ஏன் கோணியது? சக்கரத்தைக் கழற்றினால் தெரியும். கழற்றினார். உள்ளே பேரிங் குண்டுகள் துருப்பிடித்திருந்தன. முன்சக்கரத்தின் லட்சணம் இதுவென்றால் பின்சக்கரம் மட்டும் யோக்கியமா?

தங்கையாவது வாயை மூடிக்கொண்டு இருந்தாளா? பெடலில் ஒரு சத்தம் வருகிறது என்றாள். ஹேண்டில் ஒரு பக்கமாக இழுக்கிறது என்றாள். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

கழற்றிய ஒவ்வொன்றையும் வட்டமாக அடுக்குவது அவர் பழக்கம். பன்னிரண்டு மணி இருக்கும் இடத்தில் முதல் திருகு. அங்கிருந்து கடிகாரம் சுற்றும் திசையில், கழற்றிய வரிசைப்படி. கைக்கடிகாரத்துக்கு ஒரு கைக்குட்டை போதும்.

சைக்கிளுக்கு இரண்டு படுக்கை விரிப்பும், வீட்டிலிருந்த அத்தனை டம்ளரும் கிண்ணமும் போதவில்லை. மாமியார் பல்செட் போட்டு வைக்கும் கிண்ணத்தையும் விடவில்லை.

"என் பல்லு எங்கடா?"

"நாலு மணிக்கும் அஞ்சு மணிக்கும் நடுவுல பாரும்மா. மிதிச்சிடாத!"

சிரிக்கிற நேரமா அது? மூன்று மணிக்குத் தங்கைக்குத் தேர்வு. வீடு வீடாகப் பார்சல் கொண்டு சேர்க்கும் வேலை. சொந்தச் சைக்கிளோடு போய், அலுவலக முற்றத்தை மூன்று சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும். இரண்டு வருடமாக வேலை தேடிச் செருப்பு தேய்ந்தவள். இருநூறு பேரில் எட்டுப் பேரைத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

ஹாஸ்டலில் படித்த காலத்தில் ஊரெல்லாம் சைக்கிளில்தான் சுற்றியதாகச் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை இந்தப் பழைய சைக்கிளை வாங்கி, இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வந்தாள். பிரேக்கைச் சோதிக்காத வண்டியில் ஏறக் கூடாதாம். எத்தனை பொறுப்பான பிள்ளை என்று பூரித்துப்போனோம்.

"இன்னிக்கு இவ போயே ஆகணும்" என்றார் அவர், கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே.

ஒரு சுவர்க் கடிகாரத்தை மூன்று வாரம் வைத்திருக்கும் மனிதர், அன்று ஆடிய ஆட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"பதினொண்ணு!" என்று கையை நீட்டுவார். பதினோரு மணிக் கிண்ணத்தை நான் நீட்டுவேன். "பத்து!" பத்தாம் மணிக் கிண்ணம். மாமியார் பல்லைப் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்து கணீரென்று மணி அறிவித்தார். எங்கள் வீட்டில் காலம் பின்னால் ஓடியது.

எட்டு. ஏழு. "ஆறு எங்க?" ஆறின் மேல் நான் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டரைக்கு முதல் திருகு கடைசியாக ஏறியது.

பின்சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, குனிந்து காதை வைத்தார். மூச்சுவிடாமல் நின்றோம். ஒரு முனகல்கூட இல்லை. கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் முதல்முறையாக மாமியார் என்னைக் கட்டிப்பிடித்தார்.

தங்கை மட்டும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"பெல் சத்தம் கம்மியா இருக்கே அத்தான்."

நாற்பதே நொடி. மணியைக் கழற்றி, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மாட்டி அடித்தார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"டயர்ல காத்து..."

"ரெண்டுலயும் கல்லு மாதிரி இருக்கு. ஏறும்மா, சீட் உயரம் பாக்கணும்."

வண்டியைத் தெருவில் இறக்கி நிறுத்தினார். அவள் ஹேண்டிலை இரண்டு கையாலும் பிடித்தாள். சீட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தான், எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது."

எதிர்வீட்டு ஜன்னல் இன்னும் கொஞ்சம் திறந்தது.

விண்ணப்பத்தில் தெரியும் என்று எழுதிவிட்டாளாம். வந்த கடிதத்தில் கடைசி வரி: வண்டி பழுதில் இருந்தால் மூன்று மணிக்குள் தொலைபேசியில் சொல்லலாம், அடுத்த திங்கட்கிழமை வரலாம்.

"ஒரு வாரம் கிடைச்சா எப்படியாவது பழகிடுவேன்னு நெனச்சேன்" என்றவள், கோபமும் அழுகையுமாக அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க கழட்டினா ஒரு மாசமாவது ஆகும்னு நம்பித்தானே அத்தான் குடுத்தேன்!"

மாமியார்தான் முதலில் சிரித்தார். அடுத்து நான். சிரித்துச் சிரித்து எனக்கு இடுப்பே பிடித்துக்கொண்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து அவளிடம் நீட்டினேன். "ரிப்பேர்னு சொல்லிடு, அவ்வளவுதானே!"

"இரு, இரு" என்று அவர் குறுக்கே கை வைத்தார். ஓடுகிற எதையும் ஓடவில்லை என்று சொன்ன மனிதர் இல்லை அவர். "பொய் சொல்லக் கூடாது."

தங்கையின் முகம் சுருங்கிப்போனது.

அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தெருவிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தார். அவசரமே இல்லாமல் இரண்டு நட்டையும் கழற்றினார். முன்சக்கரத்தைத் தூக்கி அவள் மடியில் வைத்தார்.

"இப்ப போன் பண்ணு."