சத்தம் போடுற மோட்டார்

"இது பேட்டரியில ஓடறதுங்க. பக்கத்துல போனாலும் மீனுக்குக் கேக்காது" என்றார் பென்னாகரத்தில் மோட்டார்க் கடை வைத்திருந்த நஞ்சப்பன்.

மரியசூசைக்குப் பிடித்துவிட்டது. "இதையே என் படகுக்குக் குடுத்துருங்க."

"வேணாங்க, அந்த மண்ணெண்ணெய் மோட்டாரை எடுங்க" என்றாள் அவன் மனைவி ராஜமேரி.

பளாரென்று அறைந்தான். "மோட்டாரைப் பத்தி உனக்கு என்னாடி தெரியும்?"

உதட்டில் பழைய காயம் பிரிந்து ரத்தம் வழிந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாளே தவிர, அவள் விடவில்லை.

"அதுதாங்க உங்களுக்கு எடுப்பு. நீங்க வர்றது நம்ம ஊரு நாகமரை முழுக்கக் கேக்கும். நம்ம ஆத்துல வேற யாருகிட்ட அப்படி இருக்குது?"

மரியசூசை மீசையைத் தடவினான். நஞ்சப்பன் அந்த மோட்டாரை ஓடவிட்டதும் கடையே அதிர்ந்தது. சிரித்துக்கொண்டே அதையே வாங்கினான்.

"மீனெல்லாம் ஓடிருமேம்மா, எதுக்கு இதைப் போய்க் கேட்டீங்க?" என்று நஞ்சப்பன் தணிந்த குரலில் கேட்டார்.

மறுநாள் பொழுது சாயும் நேரம், ராஜமேரி உலை வைத்துக்கொண்டிருந்தாள். ஆற்றின் தூரத்து வளைவில் மோட்டார் தடதடத்தது. உடனே அடுப்பை அணைத்தாள். மகள்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகச் சோளக்காட்டில் இறங்கி, அண்ணன் வீட்டுக்கு ஓடினாள்.

துடுப்புப் போட்டு வந்த காலத்தில் அவன் வருவதே தெரியாது; முதல் உதை விழும்போதுதான் தெரியும். போன மாதம் பெரியவளுக்குக் கை முறிந்தது அப்படித்தான்.

குடிவெறியில் மரியசூசை கதவை உதைத்துத் திறந்தபோது, வீட்டில் அடிக்க ஆளில்லை.