மூன்றாவது குழி

புது வீடியோ கேம்கள் சினிமா மாதிரி இருக்கின்றன. எனக்கோ கட்டம் கட்டமாகத் தெரியும் பழைய குள்ள வீரன்தான் அழகு. அக்கா போய் மூன்று வருடமாகியும், பழக்கதோஷத்தில் ‘இரண்டு பேர்’ என்றே ஆட்டத்தைத் தொடங்குவேன். நான் செத்தால்தான் அவள் முறை வரும். அவளுடைய வீரன் நின்ற இடத்திலேயே அடிபட்டுச் சாவான்; அதற்குள் நான் டீ போட்டுவிடுவேன்.

அக்கா இருந்தவரை எப்போதும் மூன்றாவது குழியில்தான் விழுவாள். அவசரக்காரி.

இன்று டீயோடு வந்தபோது, அவள் வீரன் மூன்றாவது குழியில் விழுந்துகொண்டிருந்தான். அவளுடைய கன்ட்ரோலர் ஒயர் சுற்றியபடி அலமாரியில் இருந்தது.

“யாருங்க ஆடுறது?” என்றாள் மனைவி.

“அக்காதான். மறுபடியும் அவசரப்பட்டுட்டா.”

“பாவம், அண்ணிக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுங்களேன்.”

அடுத்து என் முறை. முதல் குழி வந்தது. தாண்டும் பட்டனை அழுத்தாமல் நேராக நடந்தேன்.