அன்னத்தின் அடிப்பக்கம்

பரணில் கிடந்த தன் கல்யாணப் பரிசுகளில் ஒன்றுக்குப் புதுத்தாள் சுற்றி, கடலூரில் தோழி பிரிசில்லாவின் புதுவீட்டு ஜெபத்துக்குக் கொண்டுவந்திருந்தாள் இளவரசி. கண்ணாடி அன்னம்.

சிதம்பரத்தில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் பிரிசில்லாவின் மாமா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அச்சுல அழுத்திச் செஞ்ச பழைய சரக்கு. இந்தக் கோடு பாரு, அச்சு சேர்ந்த எடம். இருபதாயிரம் தாராளமா போவும்.”

இளவரசிக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் பெருமையை விடவில்லை. “உனக்கோசரம் கடை கடையா ஏறி எறங்கி வாங்குனேன்டி!”

“அடியில கம்பெனி முத்திரை இருந்தா இன்னும் ஜாஸ்தி,” என்று மாமா கவிழ்க்கப் போனார்.

பிரிசில்லா சட்டென்று வாங்கிக்கொண்டாள். “அதெல்லாம் ஒண்ணுமில்ல மாமா. சாப்புட வாங்க.”

கை கழுவப் பின்பக்கம் போன இளவரசி அப்படியே நின்றுவிட்டாள். அன்னத்தின் அடியில் ஒட்டியிருந்த பழைய சீட்டைப் பிரிசில்லா நகத்தால் அவசரமாகச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

‘மணமகள் இளவரசிக்கு, அன்புடன் பிரிசில்லா.’