படுக்கும் இடம்

கணினி எல்லா வரிகளையும் பச்சையாகக் காட்டிவிட்டது. அப்படியும் நிசாந்தினி சம்மதிக்கவில்லை. ஏனென்று கிருபனுக்கு விளங்கவே இல்லை.

நாளைக் காலை அவனுடைய கட்டுரை வெளிவருகிறது. போரிலிருந்து தப்பி ரொறன்ரோவுக்கு வந்த தமிழர்களின் நித்திரை பற்றிய ஆராய்ச்சி. செலவு மத்திய அரசுடையது. மக்களின் வரிப்பணத்தில் செய்த வேலையை யாரும் காசு கொடுக்காமல் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அந்த நிதியின் நிபந்தனை. கட்டுரை மட்டும் போதாது, அதற்குப் பின்னால் இருக்கும் தரவையும் திறந்துவிட வேண்டும்.

திறந்துவிடுவது பல்கலைக்கழக நூலகத்தில் நிசாந்தினியின் வேலை. திறப்பதற்கு முன், தரவில் இருக்கும் எவரையும் எவராலும் அடையாளம் காண முடியாதபடி மறைப்பதும் அவள் வேலைதான்.

"பச்சை எண்டால் போறதுதானே? நீர் சிக்னலிலயும் நிண்டு யோசிக்கிற ஆளோ?" என்றான் கிருபன்.

வழக்கமாக உடனே திருப்பிக் கொடுப்பாள். காலையில் சிரித்தபடிதான் வந்தாள். அஜக்ஸ் ரயில் ஸ்டேசனில் அப்பா கொண்டுவந்து இறக்கிவிடுவாராம். எவ்வளவு பனி கொட்டினாலும் அவள் ஏறும்போது வண்டிக்குள் இளஞ்சூடாகவே இருக்குமாம். "ஒரே பிள்ளையெல்லோ, ராசாத்தி மாதிரி வருவன்" என்று பெருமையடித்தாள்.

இப்போது சிரிக்கவில்லை.

"மிசினுக்கு எங்கட சனத்தைத் தெரியாது, அண்ணை."

பிறகு பொறுமையாக விளக்கினாள். பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவதில்லை. ஒருவரை மறைக்க ஒரே வழி, அவரைப் போன்ற வேறு ஆட்களுக்கு நடுவில் நிறுத்துவது. வயது, பிறந்த மாவட்டம், கனடாவுக்கு வந்த ஆண்டு எல்லாம் ஒத்துப்போகிறவர்கள் ஐந்து பேராவது இருந்தால் கணினி பச்சை காட்டும். குறைந்தால் சிவப்பு. அறுபத்தேழு வயது என்பதை அறுபதுகள் என்று அகலமாக்கினால் கூட்டம் பெருகும், சிவப்பு பச்சையாகும். இதையெல்லாம் இருவரும் மத்தியானமே செய்து முடித்துவிட்டார்கள்.

ஆனால் எந்தக் கேள்விகளை ஒப்பிட வேண்டும் என்று கணினிக்குச் சொன்னவன் கிருபன். படுக்கும் இடத்தை அவன் அதில் சேர்க்கவில்லை. ஒருவர் எங்கே படுக்கிறார் என்பதை வைத்து அவரை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

"பிறத்தியார் கண்டுபிடிக்க மாட்டினம். ஒரே வீட்டில சாப்பிடுற ஆள்?"

அவள் விரல் திரையில் கீழே இறங்கியது. கட்டில், கட்டில், கதிரை, நிலம், கட்டில், கதவடி. ஒரு வரியில் நின்றது.

வான்.

கிருபனுக்கு அந்த மனிதரை நல்ல நினைவு. வோபர்னில், ஒரு பிளாசாவின் கார் தரிப்பிடத்தில், அந்த வானுக்குள் இருந்துதான் அவரைப் பேட்டி எடுத்தான். மட்டக்களப்புக்காரர். கட்டிலில் கிடந்தால் கண் மூட ஏலாது என்றார். சுவர் இருந்தால் அதற்கு அந்தப் பக்கம் யார் வருகிறார்கள் என்று தெரியாது. வானில் நாலு பக்கமும் கண்ணாடி. விடியமுன் வீடு வீடாகப் பேப்பர் போட்ட காலத்தில் வானில் படுத்த பழக்கம் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார்.

முந்தி ஒரு குடும்பம் இருந்த கதை வீட்டில் தெரியாது, தெரியவும் கூடாது தம்பி என்று கிருபனின் கையைப் பிடித்துக் கேட்டார். தெரியவராது ஐயா என்று இவன் வாக்குக் கொடுத்தான்.

"உந்த மூண்டு சரியோ?" என்று கேட்டாள் நிசாந்தினி. "மாறிப் பதிவாகேல்லையே?"

வானுக்குப் பக்கத்துக் கட்டத்தைக் காட்டினாள். போரில் இழந்த பிள்ளைகளின் எண்ணிக்கை.

"சரிதான். மூண்டு பேரின்ர பேரும் சொன்னவர்." சொல்லி முடித்த பிறகுதான், அதைக்கூட வெளியே விட்டிருக்கக் கூடாது என்று கிருபனுக்குப் பட்டது.

என்ன பேர் என்று அவள் கேட்கவில்லை. நூலகத்துக் கண்ணாடிச் சுவருக்கு வெளியே யாரோ பனியை வழித்துக்கொண்டிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்ற கிருபனுக்கு ஒரு வழிதான் தெரிந்தது. அந்த வரியையே அழித்துவிடுவோமா என்று கேட்டான். ஒருவர் குறைந்தால் முடிவு மாறிவிடாது.

"வேண்டாம். அந்தப் பிள்ளையள் ஒருக்காச் செத்தது போதும்."

மூன்று என்ற எண்ணை அவள் தொடவில்லை. தொடத் தேவையும் இருக்கவில்லை. மூன்று பிள்ளைகளை இழந்தவர்கள் அந்தத் தரவில் போதிய அளவு இருந்தார்கள்.

படுக்கும் இடத்தைத்தான் மாற்றினாள். வான், கதிரை, நிலம், கதவடி எல்லாவற்றையும் ஒரே பதிலுக்குள் போட்டாள். கணினியையும் இந்தக் கேள்வியைச் சேர்த்து எண்ண வைத்தாள். பச்சை. வரிகளின் ஒழுங்கை வைத்தும் ஆளைப் பிடிக்கலாம் என்று, சீட்டுக்கட்டைப் போல அவற்றைக் கலைத்தாள்.

பிறகு மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாக வாசித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு முறை முதலிலிருந்து வாசித்தாள். யாரையோ தேடுகிறவளைப் போல ஒவ்வொரு வரியிலும் நின்றாள். கிருபன் அவசரப்படுத்தவில்லை.

"இனி ரெண்டே பதில்தான். கட்டில், வேறிடம்" என்றாள். "இப்ப அப்பா இதில எந்த வரி எண்டு எனக்கும் தெரியேல்ல. இனித் திறந்துவிடலாம், அண்ணை."